சிவோ முதல் பென்லி வரை: அழுத்தக் குழாய் வளைவுகளில் விரிசலைக் கணித்ததும் கணிக்கத் தவறியதும்

2021 முதல் 2023 வரை பிரான்சின் அணுமின் நிலையங்களில் எல்போக்களை, அதாவது குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டுகளை, ஒட்டிய வெல்டுகளில் அடுத்தடுத்து விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அந்த நிகழ்வைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். அணுமின் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இது பயன்படும். அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என்று எங்கெல்லாம் அழுத்தம் தாங்கும் எல்போவும் அதன் இரு முனைகளிலும் வெல்டும் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் இதே கேள்விகள் எழும். சம்பந்தப்பட்ட பொறியாளர்கள், சோதனையாளர்கள், வெல்டர்கள் யாருடைய பெயரையும் சொல்லத் தேவையில்லை. அவர்கள் எந்த நேரத்தில், எதை வைத்து என்ன முடிவெடுத்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது.

குழாயும் அதன் இடமும்

சிவோ நிலையம் பிரான்சின் மேற்கே வியென் ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்குள்ள இரண்டு உலைகளும், பெல்ஜிய எல்லையோரம் ஷோ என்ற ஊரில் உள்ள இரண்டும் ஒரே வகை. என்4 என்று பெயர். ஒவ்வொன்றும் 1,450 மெகாவாட் அளவு. 2021இல் பிரான்சில் இயங்கிய 56 உலைகளில் இவையே வயதில் இளையவை.

உலையின் முதன்மைச் சுற்றில் 155 பார் அழுத்தத்தில், 300 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றில் எங்காவது உடைப்பு ஏற்பட்டால், போரான் கலந்த தண்ணீரை உடனே உள்ளே செலுத்தத் தனிக் குழாய்கள் உண்டு. அவசரகால உட்செலுத்துக் குழாய்கள் என்று அவற்றைச் சொல்லலாம். வழக்கமான இயக்கத்தில் இவற்றுக்கு வேலை கிடையாது. ஆனால் முதன்மைச் சுற்றோடு சேரும் இடத்துக்கும் முதல் திருப்பா வால்வுக்கும் (நீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு) இடைப்பட்ட துண்டு, வேலை இல்லாவிட்டாலும் முழு அழுத்தத்தையும் தாங்கியபடி நிற்கும். அந்தத் துண்டில் கசிவு வந்தால் வால்வை மூடி நிறுத்த வழியில்லை. விரிசல்கள் வந்தது அந்தத் துண்டில்தான்.

குழாய் 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சுவரின் தடிமன் 30 மில்லிமீட்டரை ஒட்டியது. கட்டடத்துக்குள் இடம் பார்த்து வளைத்துக் கொண்டுபோக எல்போக்கள். ஒவ்வொரு எல்போவுக்கும் இரு முனைகளிலும் நேர்க்குழாயோடு சுற்று வெல்டு.

1998: அதே வளாகத்தில் முந்தைய பாடம்

சிவோவில் எல்போ விரிசல் கண்டது இது முதல் முறை கிடையாது. 1998 மே 12 அன்று, முதல் உலை மின்தொகுப்பில் இணைந்து சில மாதங்களே ஆன நிலையில், உலையை நிறுத்தியபின் எஞ்சும் வெப்பத்தை வெளியேற்றும் சுற்றில் ஒரு எல்போ பிளந்தது. மணிக்கு 30 கன மீட்டர் வீதம் தண்ணீர் வெளியேறியது. கசிந்த இடத்தைக் கண்டுபிடித்துத் துண்டிக்கப் பல மணி நேரம் பிடித்தது. வளைவின் வெளிமுதுகில் ஓடிய நீள்வெல்டில் 180 மில்லிமீட்டர் நீளத்துக்குச் சுவரை ஊடுருவிய விரிசல்.

காரணம் வெப்பக் களைப்பு: மாறி மாறிச் சூடாகிக் குளிர்வதால் உலோகம் களைத்து விரிவது. வெந்நீரும் குளிர்நீரும் ஒரு டி-இணைப்பில் கலந்து, கலந்தும் கலக்காமலும் அடுத்திருந்த எல்போவின் சுவரில் மாறி மாறி மோதின. சுவரின் உள்தோல் நொடிக்கு நொடி சூடாகி, குளிர்ந்து, மறுபடி சூடாகியது. அழுத்தத்தை வைத்துப் பார்த்தால் அந்த எல்போவுக்கு எந்த ஆபத்தும் இல்லை. வடிவமைப்புக் கணக்கும் அப்படித்தான் சொன்னது. கணக்கில் வராத வெப்ப ஏற்ற இறக்கம்தான் அதைப் பிளந்தது. என்4 உலைகளில் அந்தப் பகுதி மறுவடிவம் பெற்றது. நீள்வெல்டுள்ள எல்போக்கள் அங்கிருந்து நீக்கப்பட்டன. அதிக வெப்பநிலை வேறுபாட்டோடு எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று வரம்பு வந்தது. மற்ற உலைகளிலும் வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் பகுதிகளைத் தேடிச் சோதித்தார்கள்.

அந்த நிகழ்வு ஒரு பக்கவிளைவையும் விட்டுச்சென்றது. அதற்குப்பின் இத்தகைய குழாய்களில் விரிசல் என்றாலே வெப்பக் களைப்பு என்று எண்ணும் பழக்கம் ஊன்றியது. சோதனைத் திட்டமும் அந்த வகை விரிசலைத் தேடும்படியே அமைந்தது. 2021ஐப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கணிப்பு எதன்மேல் நின்றது

தகைவு என்பது உலோகத்துக்குள் ஒரு பரப்பளவுக்கு இவ்வளவு என்று தாங்கப்படும் விசை. அழுத்தம் மட்டும் இருக்கும் வளைவில், குழாயைச் சுற்றிய திசையில் உள்ள சுற்றுத்திசைத் தகைவு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. வளைவின் உள்வயிற்றில் கூடும், வெளிமுதுகில் குறையும். வளைவு ஆரம் குழாய் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும் எல்போவில், நேர்க்குழாயோடு ஒப்பிட்டால் உள்வயிற்றில் 1.25 மடங்கு, வெளிமுதுகில் 0.875 மடங்கு. இதோடு வளைக்கும் விசையும் சேர்ந்தால் வட்டக் குறுக்குவெட்டு நீள்வட்டமாக நசுங்கும். தகைவு மறுபடி இடம் மாறும். இந்தக் கணக்கெல்லாம் நன்றாகத் தெரிந்தவை. விரிசல் வைத்த எல்போக்களை வளைத்துச் சோதிக்கும் வேலை நம் ஊரிலும் நடந்திருக்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காகச் சென்னைத் தரமணியின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில் முழு அளவுக் குழாய்களையும் எல்போக்களையும் உடையும்வரை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது தூண், உலோகமும் தண்ணீரும். தகைவு அரிப்பு விரிசல் வர மூன்று பொருத்தமும் ஒன்றாக வேண்டும்: எளிதில் ஆட்படும் உலோகம், அதற்கேற்ற வேதிச் சூழல், இழுவிசைத் தகைவு. 1970களில் கொதிநீர் உலைகளின் 304 வகைக் குழாய்களில் இது பெரும் தொல்லை கொடுத்தது. அங்கே தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தது. வெல்டின் சூட்டில் குரோமியம் கார்பைடு உருவாகி, உலோகத்தின் நுண்படிகத் துகள்களின் எல்லைகளில் குரோமியம் குறைந்துபோயிருந்தது. சிவோ போன்ற அழுத்தநீர் உலையில் ஹைட்ரஜன் சேர்த்து ஆக்சிஜனை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிடுகிறார்கள். 316எல்லில் கார்பன் குறைவு, மாலிப்டினம் உண்டு. ஆகவே மூன்று பொருத்தங்களில் இரண்டு அங்கே இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றைய அனுபவத்தை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான் என்பது என் கருத்து. பல பத்தாண்டுகள் அந்த நம்பிக்கையைப் பெரிய அளவில் எதுவும் அசைக்கவில்லை.

2021 இலையுதிர்காலம்: திரையில் தெரிந்தது

சிவோ முதல் உலை அந்த ஆண்டு பத்தாண்டுப் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. திட்டப்படி உட்செலுத்துக் குழாய்களின் வெல்டுகளுக்கு அல்ட்ராசோனிக் சோதனை (உலோகத்துக்குள் மீயொலியை அனுப்பி எதிரொலியைப் பார்ப்பது) நடந்தது. அக்டோபரில், எல்போக்களை ஒட்டிய சில வெல்டுகளின் அருகே எதிரொலிகள் தென்பட்டன.

இந்த இடத்தில் சோதனையாளரின் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டில் துகள்கள் பெரியவை, நீளமானவை. ஒலி நேராகப் போகாது, சிதறும், வளையும். வெல்டின் அடிவேரில் உள்ள புடைப்பும், குழாய்கள் பொருந்துவதற்காக உட்புறம் கடைந்த படியும் தங்கள் பங்குக்கு எதிரொலி தரும். எல்போவின் பக்கம் ஆய்வியைச் சீராக அமர்த்தி ஓட்ட வளைவே இடம் கொடுக்காது. திரையில் எழும் சிறு முகட்டைப் பார்த்து, இது உலோகத்தின் இரைச்சலா, வேரின் வடிவமா, விரிசலா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவர் கையில் இருந்த முறை, வெப்பக் களைப்பு விரிசலைக் கண்டுபிடிக்கத் தகுதி பெற்ற முறை. அந்த விரிசல் எங்கே வரும், எப்படி இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு வகுக்கப்பட்டது.

பழைய சோதனைப் பதிவுகளை மற்ற நிலையங்களில் எடுத்துத் திரும்பப் படித்தபோது, முன்பு பொருட்படுத்தத் தேவையற்ற இரைச்சல் என்று வகைப்படுத்தியிருந்த சில எதிரொலிகள் மறுபரிசீலனைக்கு வந்தன. அந்தச் சோதனையாளர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. வர வாய்ப்பில்லை என்று மேலிருந்து வந்த கணிப்பு, கீழே திரையைப் பார்ப்பவரின் தீர்ப்பிலும் கலந்துவிடும். முறையை எழுதியவர்கள் எதைத் தேடச் சொன்னார்களோ, அதற்குத்தான் அது கூர்மையாக இருந்தது.

வெட்டிப் பார்க்கும் முடிவு

அடுத்த முடிவு எளிதானது கிடையாது. எதிரொலி இருக்கிறது, ஆழம் தெரியாது. அன்று கையிலிருந்த அல்ட்ராசோனிக் முறையால் இந்த வகை விரிசலின் ஆழத்தை நம்பகமாக அளக்க முடியவில்லை. மின் நிறுவனமான ஈ.டி.எஃப். சந்தேகத்துக்குரிய துண்டுகளை வெட்டியெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. கதிர்வீச்சு உள்ள இடத்தில் போய்க் குழாயை வெட்டுவது என்றால் ஆட்களுக்கு டோஸ், அதாவது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு, ஏறும். வெட்டிய இடத்தில் புதுக்குழாய் தயாரித்துப் பொருத்தியே ஆக வேண்டும். உலை மாதக்கணக்கில் நிற்கும். இருந்தும் அளக்க முடியாத விரிசலைப் பற்றிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பதைவிட உலோகத்தையே கேட்டுவிடலாம் என்று வெட்டினார்கள். இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு மிகச் சரியாகப் படும் முடிவு இதுதான்.

ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் தெரிந்த விரிசல், எதிர்பார்த்த முகத்தோடு இல்லை. வெப்பக் களைப்பு விரிசல் பொதுவாகத் துகள்களை ஊடறுத்துக்கொண்டு போகும். உடைந்த முகத்தில் ஒவ்வொரு சுழற்சியும் விட்டுச்சென்ற வரிகள் தெரியும். இந்த விரிசல் துகள்களைச் சுற்றிக்கொண்டு, எல்லையோரமாக ஒடிந்து ஒடிந்து போயிருந்தது. குழாயின் உள்முகத்தில், வெல்டை ஒட்டிச் சூடேறிய குறுகிய பட்டையில் தொடங்கி, சுற்றுவாக்கில் ஓடியது. ஆழம் சில மில்லிமீட்டர். வரவே வராது என்றிருந்த தகைவு அரிப்பு விரிசல் அது.

டிசம்பர் 15: ஓடும் உலைகளை நிறுத்துதல்

அப்போது நின்றிருந்த சிவோ இரண்டாம் உலையிலும் இதே போன்ற அறிகுறிகள் தெரிந்தன. 2021 டிசம்பர் 15 அன்று, ஓடிக்கொண்டிருந்த ஷோ உலைகள் இரண்டையும் நிறுத்திச் சோதிக்கப்போவதாக ஈ.டி.எஃப். அறிவித்தது. ஒன்று 16ஆம் தேதியும் மற்றது 18ஆம் தேதியும் நின்றன. குளிர்காலம், ஐரோப்பாவில் எரிவாயு விலை உச்சத்தில் இருந்த நேரம்.

ஷோவில் அப்போது எந்தக் கசிவும் இல்லை. எந்த அளவுமானியும் எதையும் காட்டவில்லை. நிறுத்தியதன் நியாயம் ஒன்றுதான்: நான்கு உலைகளும் ஒரே வரைபடம். ஒரே வகை உலைகளை வரிசையாகக் கட்டுவது பிரான்சின் பெரிய பலம். உதிரிபாகம், பயிற்சி, அனுபவம் எல்லாம் பொதுவாகும். அதே காரணத்தால் ஒன்றில் உள்ள குறை மற்றவற்றிலும் இருக்கும் என்றே தொடங்க வேண்டும். 2022 ஜனவரியில் 1,300 மெகாவாட் வகையைச் சேர்ந்த பென்லி நிலையத்தின் முதல் உலையிலும் விரிசல் உறுதியானதும், இது என்4 வகையோடு நிற்கும் பிரச்சினை என்ற நம்பிக்கையும் போயிற்று.

2022: ஏன் அந்த வளைவுகளில்?

இப்போது கேள்வி திரும்பியது. 56 உலைகளில் எவற்றுக்கு ஆபத்து அதிகம்? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்த நாட்டால் முடியாது. முன்கணிப்பு இல்லாமல் வரிசைப்படுத்த முடியாது. ஆனால் முந்தைய முன்கணிப்பு அப்போதுதான் தவறியிருந்தது.

ஒரு சிறு கணக்குப் போட்டால் சிக்கல் விளங்கும். உள்விட்டம் 200, சுவர் 27 மில்லிமீட்டர் உள்ள குழாயில் 155 பார் அழுத்தம் நீளவாக்கில் தரும் தகைவு ஏறக்குறைய 25 மெகாபாஸ்கல். சுற்றுவாக்கில் ஓடும் விரிசலைத் திறப்பது இந்த நீளவாக்குத் தகைவே. இயக்க வெப்பநிலையில் அந்த ஸ்டீல் நெகிழத் தொடங்கும் அளவோடு ஒப்பிட்டால் இது சிறு பங்கு. உள்வயிற்றில் 1.25 மடங்கு என்றெல்லாம் பார்த்தது சுற்றுத்திசைத் தகைவை. அது இந்த விரிசலைத் திறக்காது. ஆக, அழுத்தம் இதில் முக்கியக் குற்றவாளி இல்லை.

விசாரணையில் இரண்டு காரணங்கள் முன்னுக்கு வந்தன. முதலாவது வெப்ப அடுக்கு. ஓட்டமில்லாத குழாய்த்துண்டுக்குள் முதன்மைச் சுற்றின் சூடான நீர் சுழல்களாக ஓரளவு தூரம் புகும். குழாய் கிடைமட்டமாக இருந்தால், கோடையில் குளத்து நீர் போல, சூடான நீர் மேலேயும் குளிர்ந்தது அடியிலுமாகப் படியும். குழாயின் மேல்பாதி நீள முயலும், கீழ்பாதி விடாது. குழாய் முழுவதும் வில்லாக வளையப் பார்க்கும். அந்த விசை அருகிலிருக்கும் எல்போவின் முனை வெல்டில் போய் நிற்கும். என்4 உலைகளிலும், 1,300 மெகாவாட்டில் பிந்திய வகையிலும் இந்தக் குழாய்களின் நீளமும் போக்கும் இதற்கு இடம் கொடுத்தன. பழைய 900 மெகாவாட் உலைகளில் குழாயின் போக்கு வேறு. அங்கே அடுக்கு அவ்வளவாகத் தோன்றவில்லை.

இரண்டாவது, வெல்டு வைத்த விதம். உருகிய உலோகம் இறுகிச் சுருங்கும்போது உள்முகத்தில் இழுவிசை எச்சமாகத் தங்கும். பக்கத்து உலோகம் சூட்டாலும் இழுப்பாலும் திரிந்து கெட்டியாகும். அப்படிக் கெட்டியான பட்டை தகைவு அரிப்புக்கு ஆட்படும் என்பது சோதனைச்சாலைகளில் முன்பே தெரிந்திருந்தது. ஆக, இல்லை என்று ஒதுக்கிய முதல் பொருத்தம், அதாவது ஆட்படும் உலோகம், வெல்டரின் கைவழியே அந்தச் சில மில்லிமீட்டர் பட்டையில் உருவாகியிருந்தது. ஆலையிலிருந்து வந்த ஸ்டீலின் சான்றிதழ் அதைக் காட்டாது.

இந்தப் புரிதலை வைத்து உலைகளை வரிசைப்படுத்தினார்கள். நான்கு என்4 உலைகள், 1,300 மெகாவாட்டில் பிந்திய வகையின் பன்னிரண்டு, ஆக 16 உலைகள் அதிகம் ஆட்படக்கூடியவை. மற்றவை குறைவு. அந்த வசந்தத்தில் பன்னிரண்டு உலைகள் விரிசலுக்காகவோ அதன் சந்தேகத்துக்காகவோ நின்றிருந்தன. ஆழத்தை வெளியிலிருந்தே அளக்கும் மேம்பட்ட அல்ட்ராசோனிக் முறையை அவசரமாக உருவாக்கினார்கள். அது கைக்கு வந்தபின் வெட்ட வேண்டிய தேவை குறைந்தது. 2022 ஜூலையில் கண்காணிப்பு ஆணையமான ஏ.எஸ்.என். இந்தச் சோதனைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 2025க்குள் எல்லா உலைகளையும் பார்த்து முடிப்பது என்று அப்போது ஏற்பாடாயிற்று.

விலை பெரிது. 2022இல் பிரான்சின் அணுமின் உற்பத்தி 279 டெராவாட்-மணிக்குச் சரிந்தது; முந்தைய ஆண்டு 361 ஆக இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மின்சாரம் விற்றுவந்த நாடு அந்த ஆண்டு மொத்தத்தில் வாங்கும் நாடாயிற்று. ஈ.டி.எஃப். 17.9 பில்லியன் யூரோ நட்டம் காட்டியது. அதில் அரசின் விலைக்கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு.

பழுதுபார்ப்பில் முட்டுக்கட்டை பணமாக இருக்கவில்லை. இறுக்கமான இடத்தில், கதிர்வீச்சில், தடித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை டிக் முறையில் (டங்ஸ்டன் மின்முனையும் மந்த வாயுவும் கொண்டு) வெல்டு வைக்கத் தேர்ந்தவர்கள் போதுமான அளவில் இல்லை. பிரான்சில் ஒரு தொழிலாளி பன்னிரண்டு மாதத்தில் வாங்கக்கூடிய டோஸ் வரம்பு 20 மில்லிசீவர்ட். கைதேர்ந்த ஒருவரையே ஒவ்வொரு உலைக்கும் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து ஏறக்குறைய நூறு வெல்டர்களை வரவழைத்தார்கள். டிசம்பரில், ஆட்படக்கூடிய பிந்திய வகையில் மீதமிருந்த உலைகளிலும் சோதனை முடிவுக்குக் காத்திராமல் 2023இல் குழாய்களை மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. ஆள்பலமும் உதிரிக்குழாயும் திட்டமிட்டபடி கிடைக்க வேண்டுமானால் அதுவே வழி.

ஆறுதல் தந்த கணக்கு

வெட்டிப் பார்த்த விரிசல்கள் பெரும்பாலும் ஆழம் குறைவாகவே இருந்தன. இதற்குக் காரணமும் கிடைத்தது. தடித்த குழாயின் சுற்று வெல்டில் எச்சத் தகைவு, சுவரின் உள்ளே போகப் போக மாறும். உள்முகத்தில் இழுவிசை, சில மில்லிமீட்டர் தாண்டியதும் அழுத்துவிசை, வெளிமுகத்தில் மறுபடி இழுவிசை. தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும் வடிவம் அது. உள்முகத்தில் தொடங்கிய விரிசல் நடுச்சுவரை எட்டும்போது, அங்குள்ள அழுத்துவிசை அதன் முனையை மூடப் பார்க்கும். வேகம் குறையும், நின்றும் போகலாம்.

நல்ல இயற்பியல் இது. பெரும்பாலான வெல்டுகளில் உண்மையும்கூட. ஆனால் அந்த வடிவம், வரிசை மாறாமல், அடுக்கடுக்காக, ஒரே தடவையில் வைத்து முடித்த வெல்டுக்கு உரியது. திரும்பத் தோண்டி நிரப்பிய வெல்டுக்கு அது பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பென்லி, 2023 தொடக்கம்

பென்லி முதல் உலையில் ஏற்கெனவே வெட்டியெடுத்த குழாய்களின் வெல்டுகளை ஆய்வகம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்று முதன்மைச் சுற்றின் சூடான கிளையோடு சேரும் உட்செலுத்துக் குழாயைச் சேர்ந்தது. அந்தக் குழாயின் போக்கில் வெப்ப அடுக்குக்கு இடமில்லை என்று, ஆட்படும் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.

அங்கே கிடைத்த விரிசலின் நீளம் 155 மில்லிமீட்டர். சுற்றளவில் ஏறக்குறைய கால் பங்கு. ஆழம் அதிகபட்சம் 23 மில்லிமீட்டர். அந்த இடத்தில் சுவரின் தடிமன் 27. மிச்சம் நான்கு மில்லிமீட்டர்.

கோப்பைத் திறந்து பார்த்தபோது காரணம் எழுதியிருந்தது. உலையைக் கட்டியபோதே அந்த வெல்டு இரண்டு முறை பழுதுபார்க்கப்பட்டிருந்தது. பழுதுபார்ப்பது என்றால் குறையுள்ள பகுதியை அரைத்துத் தோண்டி, அந்தக் குழியை மட்டும் மறுபடி நிரப்புவது. சுற்றிலும் குளிர்ந்த, அசையாத உலோகம். புதிதாக ஊற்றியது சுருங்க இடமில்லாமல் எல்லாப் பக்கமும் இழுக்கும். உள்முக இழுவிசை கூடும். சுவரின் ஆழம்வரை பரவும். நடுவில் விரிசலைத் தடுத்திருக்க வேண்டிய அழுத்துவிசை அழிந்துபோகலாம். பக்கத்து உலோகம் இரண்டாம், மூன்றாம் முறையாகத் திரிந்து மேலும் கெட்டியாகும். வெப்ப அடுக்கு இல்லாமலே, வெல்டின் வரலாறு மட்டுமே விரிசலை வளர்க்கப் போதுமானதாக இருந்தது.

குழாய் கசியவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் பிளவெதிர்ப்புத் திறன் அதிகம். மெல்லிய மிச்சச் சுவரும் தாங்கி நின்றது. அதை வைத்துக் கவலையில்லை என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குழாய் தாங்கும் என்பதற்கு இனி நிரூபணம் இல்லை என்பதே ஏ.எஸ்.என்.னின் நிலைப்பாடு. அணு நிகழ்வுகளின் தீவிரத்தைக் குறிக்கும் பன்னாட்டு அளவுகோலில் பென்லி முதல் உலைக்கு 2ஆம் நிலை. இதே பிரச்சினையுள்ள மற்ற உலைகளுக்கு 1ஆம் நிலை. ஒரு உட்செலுத்துக் குழாய் உடைந்தால் சமாளிப்பது உலையின் வடிவமைப்பிலேயே உண்டு என்பதும் பதிவில் இருக்கிறது.

2023 மார்ச்சில் வேறு இரண்டு கண்டுபிடிப்புகளும் வெளிவந்தன. பென்லி இரண்டாம் உலையில் 57 மில்லிமீட்டர் நீளம், 12 மில்லிமீட்டர் ஆழம். கத்தனோம் நிலையத்தின் மூன்றாம் உலையில் 165 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் ஆழம். இரண்டும் வெப்பக் களைப்பு என்றார்கள். முன்பு வெப்பக் களைப்பை மட்டும் தேடிய கண்ணுக்குத் தகைவு அரிப்பு தப்பியது. பிறகு தகைவு அரிப்பையே தேடிக்கொண்டிருந்த வேளையில் வெப்பக் களைப்பு தலைகாட்டியது. ஒரே வளைவில் இரண்டுக்கும் இடம் உண்டு என்பதால், எதிரொலியைப் பார்த்ததும் பெயர் சூட்டுவது ஆபத்து.

பின்விளைவும் மாற்றங்களும்

ஏ.எஸ்.என். சோதனைத் திட்டத்தைத் திருத்தச் சொன்னது. ஈ.டி.எஃப். கட்டுமானக் காலக் கோப்புகளைத் தேடி, பழுதுபார்த்த வெல்டுகளைப் பட்டியலிட்டு, அவற்றை வரிசையில் முன்னுக்குக் கொண்டுவந்தது. முன்பு குழாயின் போக்கை வைத்து மட்டும் போட்ட வரிசை, இப்போது ஒவ்வொரு வெல்டின் பிறப்புச் சான்றையும் பார்த்துப் போடும் வரிசையாயிற்று. சிவோ முதல் உலை புதுக்குழாய்களோடு 2023 தொடக்கத்தில் மின்தொகுப்புக்குத் திரும்பியது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நின்றிருந்தது.

கணிப்பு முழுவதும் தோற்றது என்று சொல்வது நியாயமாகாது. வெப்ப அடுக்கை வைத்து 16 உலைகளைப் பிரித்தது பெருமளவு சரியாகவே நின்றது. பழுதுபார்க்காத வெல்டுகளில் விரிசல் ஆழம் போகாது என்ற கணக்கும் நின்றது. தவறியது, வரைபடத்தில் இல்லாததைக் கணக்கிலும் இல்லாததாக விட்ட இடங்களில் மட்டும்: 1998இல் வெந்நீர் குளிர்நீர் மோதல், 2021இல் வெல்டு கெட்டியாக்கிய பட்டை, 2023இல் இரண்டு முறை தோண்டி நிரப்பிய வெல்டு.

இதே போன்ற குழாய்களை நம் ஆலைகளில் கவனித்துக்கொள்பவர்கள் சில மாற்றங்களை இன்றே செய்யலாம். எல்போவின் வெல்டுக்குச் சோதனை முன்னுரிமை தரும்போது, அழுத்தமும் வடிவமும் தரும் எண்ணோடு பழுதுபார்ப்பு வரலாற்றையும் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும். ரேடியோகிராபியில் (கதிர்ப்படச் சோதனையில்) தேறாமல் மறுபடி வைத்த வெல்டு, பொருந்தாத குழாய்களை ஜாக்கி போட்டு இழுத்துச் சேர்த்த வெல்டு, கடைசி நேரத்தில் தளத்திலேயே அளவு பார்த்து வைத்த வெல்டு: மூன்றும் தனிப்பட்டியலில் வர வேண்டும். தேறியதும் பழைய ஃபிலிமையும் பழுதுச் சீட்டையும் கழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. முப்பது ஆண்டு கழித்து அந்தச் சீட்டுதான் தேவைப்படும். பென்லியில் அது கிடைத்தது.

ஓட்டமில்லாத கிளைக்குழாய்களில், மேலும் கீழுமாக இரண்டு தெர்மோகப்பிள்களை (வெப்பநிலை உணரிகளை) கட்டி ஒரு மாதம் பதிவெடுப்பது பெரிய செலவாகாது. வெப்ப அடுக்கு இருக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும். கணினி மாதிரியில் ஊகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

சோதனையாளர் இரைச்சல் என்று ஒதுக்கும் ஒவ்வொரு எதிரொலியையும், இடமும் அளவும் குறித்து, மூலப்பதிவோடு வைத்திருக்க வேண்டும். அடுத்த பராமரிப்பில் அதே இடத்தில் அதே முகடு சற்று உயர்ந்திருந்தால், ஒப்பிட முந்தைய பதிவு கையில் இருக்கும். சந்தேகம் தீராத ஒரு வெல்டையாவது வெட்டி உலோகவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும் செலவை, பராமரிப்புத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். பராமரிப்பின் கடைசி வாரத்தில் அந்தப் பணத்தைக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.